இல்லறம் என்னுஞ் சொல்லின் பொருளும் வழக்கும்

சொற்கள் காலவகையாற் பொருள் திரிதல் இயல்பே. அங்ஙனந் திரிவனவற்றுட் பல, திரிந்ததனால் உலகிற்கு யாதோர் இழுக்கும் உண்டாக்குவதில்லை. ஒருகாலத்து நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ என்னுஞ் சொல் இக்காலத்துத் தீமணத்தைக் குறிக்கின்றது. அதனால் மலர்களின் மணம் குன்றிவிடவில்லை. ஆயின், ஓர் ஒழுக்கத்திற்குப் பெயராய் நிற்குஞ் சொல் பொருள் திரியுமாயின், அவ்வொழுக்கமும் உடன் திரியும். சொல்லை நம்பி வாழ்வார் தம் கடமை இன்னதென்று அறியாது மயங்குவர். ‘இல்லறம்’ என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. அச்சொல்லின் பொருள் யாது, அஃது இக்காலத்து எங்ஙனம் வழங்குகின்றது, அவ்வழக்குப் பொருந்துமா என்பன ஈண்டு ஆராயற்பாலன.

இக்காலத்தில் இச்சொல்லை வழங்குவோர் மூவகையினர். திருமண அழைப்பிதழ் எழுதுவோர் முதல் வகையினர். மணமக்கள் இன்ன நாளில் இல்லறம் புகுகின்றனர் என்று அவர் எழுதுவர். அவர்க்கு இல்லறமாவது மணவினையே. நாளிதழ்களிலும் உடல்நலக் குறிப்புக்களிலும் எழுதுவோர் இரண்டாம் வகையினர். வெளிப்படக் கூறுதற்கு நாணும் ஆண்பெண் கூட்டத்தை மறைத்துக் கூறுதற்கு இடக்கரடக்கலாக இச்சொல்லை எடுத்துக்கொண்டவர் அவர். சமய மேடைகளிற் பேசுவோருள் ஒருசாரார் மூன்றாம் வகையினர். துறவு பூண மாட்டாதார் பொருட்டு ஒதுக்கப்பட்ட தாழ்ந்த படியே இல்லறம் என்பது அவர் கருத்து. முதல் வகையினர் வாயிலை வீடென்றனர். இரண்டாம் வகையினர் வீட்டின் ஓர் அறையை முழு வீடென்றனர். மூன்றாம் வகையினர் வீட்டைச் சிறையென்றனர். மூவரும் அச்சொல்லின் பிற்பகுதியாகிய ‘அறம்’ என்பதனை மறந்தனர் என்பதில் ஐயமில்லை.

இனிச் சொல்லமைப்பை நோக்குவோம் எனப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படுவது ‘இல்’ என்பது. இல் என்பது இடம், மனை, மனைவி, குடி எனப் பல பொருள் தரும் பெயர். நற்குடியிற் பிறந்தாரை இற்பிறந்தார் என்பது குடியென்னும் பொருள்பற்றி வந்த வழக்கு. நன்னூலார் ஏழாம் வேற்றுமைக்குரிய இடப்பொருள் உருபுகளை அடுக்கிக் கூறுமிடத்து இறுதியில் நிறுத்தியதும் இவ்வில்லே. ஆகவே இடம் என்பது இச்சொல்லில் ஆழ்ந்து கிடக்கும் பொருள் என்பது பெறப்படும். இவற்றின் வேறாய், இன்மை குறிக்கும் ‘இல்’ ஒன்றும் உண்டு. ஒலியால் ஒன்றுபடினும் இவை பொருளால் தம்முள் மாறுபட்டவை. ஒன்று உறைவிடத்தை உணர்த்தும். மற்றொன்று ஒன்றும் இன்மையை உணர்த்தும்.

இவ்வொலியொப்புமையால் தமிழில் ஒரு வியத்தகு நிலை நேர்ந்துள்ளது. ‘இல்லாள்’ என்பது மனைக்குரியவளைக் குறிக்கும். அதற்கு ஆண்பாலாக ‘இல்லான்’ என்று ஒருவனைக் கூறின், அச்சொல் மனைக்குரியவன் என்று பொருள்படாது, பொருளில்லாத வறியவன் என்றே பொருள்படும். மனைக்குரியவனை ‘இல்வாழ்வான்’ என்றும் ‘இல்லறத்தான்’ என்றும் வேறு சொல் கூட்டியே உணர்த்தல் வேண்டும். மனைக்கு உரிமை பெண்பாலிற்கு ஒரு சொல்லால் இயல்பாகவே அமைந்தது. ஆண்மகனோ வாழ்தலாலும் அறஞ்செய்தலாலுமே அவ்வுரிமையை எய்துகின்றான். இது சொல்வழக்கில் தற்செயலாய் நேர்ந்ததெனினும் பொருளுண்மையோடு ஒத்திருத்தல் அறியத்தக்கது. திருவள்ளுவரும் வாழ்க்கைத் துணைநலம் என்னும் அதிகாரத்தில் ஒரு குறளில் இவ்விரண்டு இல்லையும் அருகருகே நிறுத்தி, மனைவியின் மாண்பு உளதாயின் வேறு குறையில்லை எனப் பொருள் பெற வைத்தமை கற்றோர் அறிந்தது.

இல், அறம் என்னும் இரண்டும் புணரத் தனிக்குற்றெழுத்தை அடுத்த லகரம் இரட்டித்து ‘இல்லறம்’ என்றாயிற்று. இத்தொகையை எவ்வாறு விரிப்பது என்பதே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை. ‘இல்லினது அறம்’ என ஆறாம் வேற்றுமையாக விரிப்பின், அறம் இல்லுக்கு உடைமையாய், அவ்வில்லின் சுவர்களுக்குள்ளேயே அடங்கும். ‘இல்லாகிய அறம்’ எனப் பண்புத்தொகையாக விரிப்பின், இல்லில் இருத்தலே அறமாய்விடும். அங்ஙனமாயின் உண்டு உறங்கிப் பொழுதுபோக்குவானும் அறவோன் எனப்பட்டு இழுக்கும். ‘இல்லின்கண் நின்று செய்யும் அறம்’ என ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாக விரிப்பதே பொருத்தமுடைத்து. இவ்விரிவில் இல் இடமாகின்றது, அறம் செயலாகின்றது, செய்வோர் கணவனும் மனைவியும் ஆவர். ‘துறவறம்’ என்பதும் துறவின்கண் நின்று செய்யும் அறம் என இம்முறையே விரியும். இரண்டு தொகைகளிலும் அறம் என்பது பொது, நிலைக்களமே வேறு. ஆதலால் ஒன்றனை அறமென்றும் மற்றொன்றனை அறத்திற் குறைந்ததென்றுங் கூறுவார் இவ்விரு தொகைகளின் அமைப்பையே நோக்காதவர் என்க.

இவ்வாறு விரித்தவழி, ‘இல்வாழ்க்கை’யும் ‘இல்லறமும்’ ஒருபொருட் சொற்களோ என்னும் வினா எழும். அல்ல என்பதே விடை. இல்வாழ்க்கை என்பது நிலை. இல்லறம் என்பது அந்நிலையில் நின்றாற்றும் வினை. திருக்குறளில் ஐந்தாம் அதிகாரத்தின் பெயர் இல்வாழ்க்கை. ‘இல்லறவியல்’ என்னும் பெயர் உரைகளில் வழங்கும் இயற்பெயரேயன்றிக் குறட்பாக்களுள் இல்லறம் என்னுந் தொகைச்சொல் யாண்டும் வந்திலது. அன்பு இருக்குமாயின் அஃது இல்வாழ்க்கைக்குப் பண்பு என்றும், அறம் இருக்குமாயின் அஃது அதற்குப் பயன் என்றும் ஆசிரியர் அவ்வதிகாரத்துள் கூறுகின்றார். இருக்குமாயின் என்ற வழி, இல்லாமற்போதலும் கூடும் என்பது தானே பெறப்படும். எனவே அறமில்லாத இல்வாழ்க்கையும் உலகில் உண்டு. அறமில்லாத இல்லறம் என ஒன்று இருத்தல் இயலாது.

அற்றேல், அறமெனப்படுவது இல்வாழ்க்கையே என்று அவ்வாசிரியரே அவ்வதிகாரத்துப் பிறிதோரிடத்து இரண்டனையும் ஒன்றாக்கிக் கூறினாரன்றோ எனின், கூறினார். ஆயினும் அக்குறளின் பிற்பகுதியில், பிறர் பழியாமை என்னும் வரையறை ஒன்றும் உடன் கூறப்பட்டுள்ளது. அவ்வரையறை துறவைச் சுட்டி வந்ததென்பர் பரிமேலழகர். இல்வாழ்க்கையையே சுட்டிற்று எனக் கொள்ளினும் பொருள் செல்லும். எவ்வாறு கொள்ளினும், முறையானே நடத்தப்பட்ட இல்வாழ்க்கையே ஆண்டு அறமென உயர்த்துக் கூறப்பட்டதன்றி, மணஞ்செய்து ஓரில்லில் இருந்த அளவானே அறம் முற்றிற்று என்பது அவர் கருத்தன்று. நீர் நிறைந்த குடத்தை நீர்க்குடம் என்றவன், குடமே நீரென்று கூறியவன் ஆகான்.

இல்லறத்தின் செயல் யாது என்பதற்கும் அவ்வதிகாரமே சான்றாம். ஏனை மூன்று நிலையினர்க்கும், துறந்தார்க்கும், வறியார்க்கும், தம்மைக் காப்பாரின்றி இறந்தார்க்கும் இல்வாழ்வான் துணையாவான் என்று கூறிப் பின்னர்த் தென்புலத்தார், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என ஐவரை ஆசிரியர் எண்ணுகின்றார். இவ்வெண்ணில் ‘தான்’ இறுதியில் நின்றமை ஒருபுறமிருக்க, மனைவி இவ்வைவருள் ஒருத்தியாக எண்ணப்படாமை உற்று நோக்கத்தக்கது. இல்லறமாவது மனைவியைப் பேணுதலே எனின், அவள் முதற்கண் எண்ணப்பட்டிருத்தல் வேண்டும். சுற்றத்தாருள் அவளும் அடங்குவாள் எனின், அது பொருந்தாது. அவளைத் தனியே ஓர் அதிகாரத்திற்குப் பொருளாக்கி வாழ்க்கைத்துணை என்று ஆசிரியர் பெயரிட்டார். துணையாவாள் பெறுவாரோடு எண்ணப்படாள், செய்வானோடு எண்ணப்படுவாள். இல்லறத்தை ஏற்பவர் ஐவர், ஆற்றுபவர் இருவர். மனைவி கணவனுக்குச் செய்யும் ஏவலே இல்லறம் என்று இக்காலத்து மேடைகளிற் கூறுவார் உரை இதனால் வலியிழந்தது காண்க. தொல்காப்பியர் கற்பியலில், இன்பம் முதிர்ந்த பிற்காலத்தில் தலைவனும் தலைவியும் மக்களொடும் சுற்றத்தொடும் கூடி அறத்தைப் பயிலுதலே கழிந்த இல்வாழ்க்கையின் பயனென்று கூறியதும் இருவரையும் ஒருங்கு நோக்கியே யாம்.

வடமொழியில் இந்நிலையினைக் ‘கிருகஸ்தம்’ என்பர். கிருகம் வீடு, அதன்கண் நிற்பவன் கிருகஸ்தன். அச்சொல் ஒருவன் நிற்கும் இடத்தைக் கூறி அமைகின்றது. தமிழ்ச் சொல்லோ அவ்விடத்து நின்று அவன் செய்வதனையும் உடன் கூறுகின்றது. சோழர் காலக் கல்வெட்டுக்களில் மனைவியைக் குறிக்க வரும் ‘அகமுடையாள்’ என்னுஞ் சொல்லும், அதன் ஆண்பாலாகிய ‘அகமுடையான்’ என்பதும், வீட்டின் உரிமையை இருவர்க்கும் ஒப்பக் கூறும் நல்ல வழக்குகள். பேச்சுவழக்கில் மனைவியைச் ‘சம்சாரம்’ என்றலும் உண்டு. பிறவிச் சுழலைக் குறிக்கும் அவ்வடசொல் மனைவிக்குப் பெயரானமை, மூன்றாம் வகையினர் கருத்து உலகவழக்கில் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதனைக் காட்டும். பிறவிக்குக் காரணமாகிய மலம் தன்னிடத்தே இருக்க, அதனை உடனுறைவாள் மேல் ஏற்றிக் கூறும் இவ்வழக்குச் சைவசித்தாந்தத்திற்கு ஒருவாற்றானும் ஒவ்வாது.

இனி, இச்சொற்பொருள் நூலளவில் நில்லாது வாழ்க்கையில் விளங்கியவாற்றை, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்துட் காணலாம். ‘மனையறம்’ என்னுஞ் சொல்லைச் சேக்கிழார் திருநீலகண்டக் குயவனார்க்கு வழங்கியுள்ளார். மனையறம் என்பதும் இல்லறம் என்பதும் ஒன்றே. தில்லையில் வேட்கோவர் குலத்துத் தோன்றிய அவ்வடிகள், சிவனடியார்க்குத் திருவோடு அளிக்குந் தொண்டு பூண்டு மனையறம் புரிந்து வாழ்ந்தவர். இளமையில் அவர் பரத்தைபாற் சென்றமையறிந்த மனைவியார், தம்மைத் தீண்டலாகாதென்று திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார். அவ்வம்மையார் ‘எம்மை’ எனப் பன்மையாற் கூறினமையின், பிற மாதர் எவரையும் மனத்தாலுந் தீண்டேன் என நாயனார் துணிந்தார். ஒரு பன்மைச் சொல்லின் பொருளை முழுவதும் ஏற்று அதன்வழி வாழ்ந்தவர் அவர். சொல்லாராய்ச்சி வீண்முயற்சி என்பார் இவ்வரலாற்றை மறந்து கூறுபவரே யாவர்.

அன்று தொட்டு மூப்பெய்துங்காறும் அவ்விருவரும் ஓரில்லிலேயே, அயலார் அறியாவண்ணம் மெய்தீண்டாது வாழ்ந்தனர். மெய்யுறவு ஒன்று நீங்கலாக மனைவியார் மனைக்குரிய செயல் யாவும் செய்துவந்தார். நாயனார் திருவோடு அளித்தலும் நின்றிலது. இல்லறமாவது ஆண்பெண் கூட்டமே எனின், அவர்தம் இல்லறம் ஆணையிட்ட அன்றே அழிந்திருத்தல் வேண்டும். சேக்கிழார் அங்ஙனங் கூறிற்றிலர். திருவருளும் அங்ஙனங் கொண்டிலது. சிவயோகியார் வேடத்தில் வந்த இறைவன், தாம் வைத்துச்சென்ற ஓட்டைத் தாமே மறைத்து, மனைவியைக் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியஞ் செய்க என வற்புறுத்தினன். தில்லைவாழந்தணர் அவையிலும் அவ்வழக்கு எடுத்துரைக்கப்பட்டது. இருவரும் ஒரு மூங்கிற்கோலின் இருதலையையும் பற்றித் திருப்புலீச்சரத்தின் முன்னர்க் குளத்தில் மூழ்கி, இளமை பெற்று எழுந்தனர். அக்கோல் இருவரையும் பிரித்துநின்றது. இருவரையும் இணைத்ததும் அதுவே. இவ்வரலாறு ஒன்றே இரண்டாம் வகையினர் வழக்கை வேரோடு களைய வல்லது. பிணியாலோ மூப்பாலோ நோன்பாலோ மெய்யுறவு நீங்கிய மனைகளும், மகப்பேறு வாய்க்காத மனைகளும் இல்லறம் குன்றியன அல்ல என்பதும் இதனாற் பெறப்படும். அத்தகைய மனைகளில் வாழ்வாரை இல்லறமில்லார் எனக் கூறி வருத்துதல் அறியாமையின்பாற் பட்டது.

இளையான்குடிமாற நாயனார் வரலாறு இத்தொகையின் இருசொற்களுள் எது தலைமையுடையது என்பதனைத் தெளிவிக்கும். செல்வம் நிரம்பிய காலத்து அடியார்க்கு அமுதளித்து வந்த அவர், வறுமையுற்ற பின்னும் அதனைக் கைவிட்டிலர். மழை பொழியும் நள்ளிரவில் அடியார் ஒருவர் வந்தவழி, மனையில் ஒரு பிடி நெல்லும் இல்லை. பகலில் விதைத்த முளைநெல்லை வாரிக் கொணரலாம் என உபாயங் கூறினவர் மனைவியார். இருளில் சென்று வாரிக் கொணர்ந்தவர் நாயனார். விறகு இல்லையென்ற பொழுது அவர் தம் வீட்டின் மேற்கூரை மரங்களை அறுத்திட்டார். கறிக்கு முற்றாத பயிரைப் பறித்து வந்தார். அம்மையார் நெல்லை வறுத்துக் குற்றிச் சோறாக்கி, கொணர்ந்த பயிரையே பலவகைக் கறியாகச் சமைத்தார். ஈண்டு இல்லும் அறமும் ஒன்றோடொன்று மாறுபட்டு நின்றன. கூரையைக் காத்தால் அறங் கெடும். அறத்தைக் காத்தால் கூரை கெடும். கூரை அடுப்பிற் புகுந்தது, அறம் நின்றது. தொகையில் இல் அடைமொழி, அறமே தலைமைச் சொல் என்னும் இலக்கணத்திற்கு இதனினுஞ் சிறந்த உரை யாண்டும் இல்லை. அம்மனையில் இன்மை குறிக்கும் ‘இல்’ வந்து புகுந்தது, உறைவிடமாகிய ‘இல்’லும் ஒருபகுதி அழிந்தது, எனினும் இல்லறம் சிறிதுங் குறைந்திலது. பொருள் நிரம்பியவர்க்கே இல்லறம் கைகூடும் என்று கருதி ஏங்குவார் தேறுதற்குரிய இடம் இது. செல்வம் நிரம்பியும் வாயிலில் வந்தாரைப் போக்கும் மனைகளிலோ, இல்லறம் என்னுந் தொகை ‘இல்லாத அறம்’ என்றே விரிந்து பொருள் தரும்.

இல்லறம் செய்வோர் இருவர் என்றதனால், ஒருவர் நீங்கியவழி அஃது என்னாம் என்னும் வினாவிற்குங் காரைக்காலம்மையார் வரலாறு விடையாகும். மாங்கனியின் அற்புதங் கண்டு அஞ்சிய பரமதத்தன் அம்மையாரை நீங்கிப் பாண்டிநாடு சென்று வேறு மணம்புரிந்தான். தன் மகளுக்கு அம்மையாரின் பெயரையே இட்டான். பின்னர் அம்மையாரைக் கண்டபொழுது தெய்வமெனக் கருதி அடிவீழ்ந்தான். அதன் பின்னரே, கணவன் பொருட்டுச் சுமந்திருந்த ஊனுடம்பின் அழகு நீங்குக என அம்மையார் இறைவனை வேண்டிப் பேயுருப் பெற்றனர். அவர் இல்லறத்தை வெறுத்து ஒழித்தவர் அல்லர். துணையாதற்குரியவன் தொழுவானாய் விட்டமையின் இல்லறத்திற்கு ஆண்டு இடமில்லையாயிற்று. துணை நீங்குங்காறும் அவர் மனைக்குரிய அறத்திற் குறைவின்றி நின்றமை, பசித்து வந்த அடியார்க்குக் கறியமுது ஆகாமுன்னர் மாங்கனியோடு சோறிட்ட செயலானே விளங்கும்.

திலகவதியார் நிலை பிறிதொன்று. மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் உயிர்நீத்தார். தாமும் உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பியார் மருணீக்கியார் உளராதல் வேண்டும் என்னும் இரக்கத்தால் உயிர் தாங்கினார். அவர் மணஞ்செய்து கொண்டிலராதலின் அவர் வாழ்க்கையை மனையறம் என்னலாகாது. மனையை விட்டுச் சென்றிலராதலின் துறவறம் என்னலும் ஆகாது. சேக்கிழார் பெருமான் அதனை ‘மனைத்தவம்’ என்னுஞ் சொல்லாற் குறித்தருளினார். மனையில் தனித்து நின்று, ஒருவர் பொருட்டுத் தம்மை அளித்து வாழும் வாழ்க்கைக்கு இதனினும் பொருத்தமான சொல் தமிழில் இல்லை. மணஞ்செய்யாது பெற்றோரையோ உடன்பிறந்தாரையோ பேணி வாழ்வார் இக்காலத்தும் பலர் உளர். அவரை உலகம் இன்ன நிலையினர் என்று கூறமாட்டாது இரங்குகின்றது, சிலபொழுது இகழ்கின்றது. அவர்க்குரிய பெயரைச் சேக்கிழார் முன்னரே தந்து வைத்தார். அப்பெயரை எடுத்து வழங்காமை சைவர்தம் குறையே.

இனி, மூன்றாம் வகையினர் கூற்றை ஆராய வேண்டும். கொன்றைவேந்தனின் மூன்றாம் அடி, இல்லறமல்லாத பிறிதொன்றை நல்லறமாக ஏற்காத கருத்தினது. இதனைக் கொண்டு துறவு இகழப்பட்டது என்பாரும், இது சிறார்க்குக் கூறியதாகலின் பொருட்படுத்தற்பாலதன்று என்பாரும் என இருசாரார் உளர். இரண்டுங் குற்றமே. ஒருவற்கு அவன் நிற்கும் நிலைக்குரிய அறத்தை வலியுறுத்திக் கூறல் நீதிநூல்களின் மரபு. மனையில் வாழப்புகும் சிறுவனுக்கு அவன் செய்தற்குரிய அறத்தைத் தவிர்த்து வேறொன்றை நல்லதென்று காட்டின், அவன் இரண்டனையும் இழப்பான். திருவள்ளுவரும், அறநெறியில் இல்வாழ்க்கையை நடத்தினான் வேறு நெறியிற் சென்று பெறத்தக்கது யாதென வினாவினார். பிறரையும் நன்னெறியில் நிறுத்தித் தானும் அறத்தில் வழுவாத இல்வாழ்க்கை தவஞ்செய்வார் நிலையினும் பொறை மிக்கதென்றார். துறவறத்தையும் அவரே தனியியலாற் சிறப்பித்தார். இரண்டற்கும் இடமுண்டு, ஒன்றால் ஒன்று தாழ்தல் இல்லை.

நாயன்மார் வரலாற்றிலும் இவ்விரு நிலையினரும் ஒருவரையொருவர் போற்றியே வாழ்ந்தனர். திங்களூர் அப்பூதியடிகள் இல்வாழ்வார், திருநாவுக்கரசர் துறவியார். அரசரை நேரிற் காண்பதற்கு முன்னரே அப்பூதியார் தம் மக்களுக்கும், பசுக்களுக்கும், அளவைகளுக்கும், நிறைகோலுக்கும், தண்ணீர்ப்பந்தலுக்கும் அரசர் திருப்பெயரையே இட்டிருந்தார். அவர் மனையில் அமுது செய்ய அமர்ந்த துறவியார், அரவு தீண்டி இறந்த மகனைத் திருப்பதிகம் அருளி எழுப்பி அம்மனையைக் காத்தார். பெரியபுராணத்தை 1852இல் உரைநடையாக்கி வெளியிட்ட ஆறுமுக நாவலர் (1822–1879) வாழ்நாள் முழுதும் மணம் புரியாது வாழ்ந்தவர். மனையறத்து நின்ற அடியார் வரலாறுகளை எளிய தமிழில் யாவர் கைக்கும் எட்டச் செய்தவரும் அவரே.

திருஞானசம்பந்தர் திருநல்லூர்ப் பெருமணத்தில் மணவினை முடிந்த அன்றே சிவசோதியிற் கலந்தமையைச் சிலர் இல்லறத்தை மறுத்ததற்குச் சான்றாகக் காட்டுவர். அவர் தனித்துச் சென்றிலர் என்பதனை அன்னார் மறந்தனர். மணத்திற்கு வந்தோர் யாவரையும் தத்தம் மனைவியரோடும் சுற்றத்தோடும் அச்சோதியிற் புகுவித்துத் தாமும் மணமகளைக் கைப்பற்றி வலஞ்செய்து புகுந்தனர். மனைத்துணை வீட்டுநெறிக்குத் தடையாயின், அத்துணைக் கூட்டத்தார் குடும்பத்தோடு அங்ஙனம் புகுதல் எங்ஙனம் கூடும்?

சித்தாந்த முறைபற்றி நோக்கினும் இதுவே துணிபு. உயிரைப் பிணித்த மூலமலம் ஆணவமேயன்றி மனையன்று. உடம்பும், கருவிகளும், உலகும், நுகர்பொருளும் மாயையிலிருந்து உயிர்க்கு இறைவனால் கூட்டப்பட்டவை. விடியுங்காறும் விளக்குப்போல அவை உயிர்க்கு உதவுவன. மனையும் மனைத்துணையும் மக்களும் அவற்றுள் அடங்குவர். விளக்கை இருளென்று வெறுப்பான் அறிவுடையான் ஆகான். ஆணவத்தின் குறி யான் எனதென்னுஞ் செருக்கு. அச்செருக்கு மிக எளிதில் வேர்கொள்ளுமிடம் மனை. என் வீடு, என் மக்கள், என் பொருள் என்று கூறுதற்கு அஃது இடந்தருதலின். ஆதலாலேயே அச்செருக்கை நாடோறுஞ் சிறிது சிறிதாக அறுக்கும் பயிற்சிக்குரிய இடமும் அதுவே யாயிற்று. துறவி எனதென்பதனை ஒருங்கே அறுக்கின்றான். இல்லறத்தான் ஒவ்வொரு விருந்திலும், ஒவ்வொரு கொடையிலும் அதனைத் தேய்க்கின்றான். கூரையை அறுத்த இளையான்குடிமாறர் கையில் எனதென்னும் வேரும் உடன் அறுபட்டது.

மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் மலநீங்கிய உயிர் அடியாரோடு கூடி, அவர் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே கண்டு வழிபடும் எனக் கூறுகின்றது. அடியாரை வழிபடுதற்கு நீரும் சோறும் உறைவிடமும் வேண்டும். அவை மனையில் உள்ளன. ஞானத்தின் முடிந்த நிலைக்குரிய ஒழுக்கமாக ஓதப்பட்ட அடியார் வழிபாடு, இல்லறத்தின் முதற்செயலாகிய விருந்தோம்பலோடு இவ்வாறு ஒன்றுபடுகின்றது. சமயம், விசேடம், நிருவாணம் என்னும் தீக்கைகள் இல்வாழ்வார்க்கும் உரியனவாக வைத்த மரபும் இக்கருத்துப்பற்றியே அமைந்தது.

இதுகாறுங் கூறியவாற்றால், இச்சொற்களை வழங்கும் முறை பின்வருமாறு துணியப்படும். மணவினையைக் குறிக்குமிடத்து மணம் என்க. இல்வாழ்க்கைப்படுதல் என்பதும் ஆம். மணந்து ஓரில்லில் வாழ்தலாகிய நிலையைக் குறிக்குமிடத்து இல்வாழ்க்கை என்க. அந்நிலையில் இருவரும் கூடிப் பிறர்பொருட்டு ஆற்றும் ஒழுக்கத்தையே இல்லறம் என்றும் மனையறம் என்றும் வழங்குக. மணமின்றி மனையில் நின்று பிறர்க்காக வாழ்தலை மனைத்தவம் என்க. மெய்யுறவைக் குறித்தற்கு வேறு தக்க சொற்கள் உள. இல்லறம் என்னுஞ் சொல்லை அதற்கு ஆளாக்குதல் ஒழிக. அழைப்பிதழ் எழுதுவோர் மணமக்கள் இல்லறம் புகுகின்றனர் என்று எழுதவே விரும்பின் எழுதுக. அவ்வாறு எழுதுங்கால், அன்று தொட்டு அம்மனையின் வாயில் பசித்து வருவார்க்குத் திறந்திருக்கும் என்று அவையோர் முன் உறுதி கூறியதாக அச்சொல் பொருள்படும் என்பதனை மணமக்கட்கு அறிவித்தல் வேண்டும்.

தமிழர் உறையும் இல்லிற்கும், உயிர் எய்தும் முடிந்த பேற்றிற்கும் ‘வீடு’ என்னும் ஒரு பெயரே வழங்குகின்றது. விடுதல் என்னும் பொருளிற் பிறந்த சொல் அது. எனதென்பதனை விடுதற்குப் பழகாதவழி உறையும் இடம் வெறுங் கட்டடமே. அவ்விடுதலைப் பழகும் மனையே அப்பெயர்க்குரியதாம். அங்ஙனம் பழகுதற்கு இல்வாழ்வார்க்கு அமைந்த நெறி இல்லறம் என்க.